உவரியில இருந்து தூத்துக்குடி வரைக்கும்: கோடீஸ்வரங்க யாட்டும் நம்ம கடல்கரையும்

வெள்ளிக்கிழமை, உவரி

பாளையங்கோட்டையில கெளம்பி நாங்குநேரி, திசையன்விளை வழியா பைக்லயே உவரி வந்தாச்சு. நேத்து ராத்திரி நல்ல மழை போல, தேரி மண்ணு ஈரத்துல செக்கச்செவேல்னு கெடக்கு, காத்தாடி எல்லாம் மெதுவா சுத்துது. கூடப் படிச்ச உவரிக்காரன் ஒருத்தன் இருக்கான், அவனோட அண்ணன் சூப்பர் யாட்ல, அதான் பெரும் பணக்காரங்க வச்சிருக்க சொகுசுக் கப்பல்ல, டெக் (மேல்தளம்) வேலை பாக்காவ, மெடிட்டரேனியன் சீசன் முடிஞ்சு இப்பதான் லீவுக்கு வந்திருக்காவ. அவியளுக்கு தூத்துக்குடியில ஒரு வேலை இருக்கு, கடல்கரை ஊரு ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே போவோம் வாடேன்னு கூப்பிட்டாவ, நானும் வந்துட்டேன். அமேசான் பெசோஸ், ரஷ்யப் பணக்காரர் அப்ரமோவிச்னு பேப்பர்ல வர்ற யாட் போட்டோ எல்லாத்தையும் நாம வெளிய இருந்துதான் பாக்கோம், அதை தெனமும் கழுவுறவன், நங்கூரம் போடுறவன், என்ஜின் ரூம்ல நிக்கிறவன் என்ன பாக்கான்னு எனக்குத் தெரியணும், அதுக்குத்தான் இந்தப் பயணம்.

முதல்ல கப்பல் மாதா கோயிலுக்குப் போனோம். கோயிலையே கப்பல் உருவத்துல கட்டியிருக்காவ, கடலப் பாத்து நிக்குது, பாக்காதவிய ஒருதரம் வந்து பாருங்க. அப்புறம் வீடு. திண்ணையில அப்பா (நண்பனோட அப்பாதான், நானும் அப்பான்னுதான் கூப்பிடுவேன்) வலை பின்னிக்கிட்டு இருந்தாவ, வயசு எழுபது தாண்டியாச்சு, இப்ப கடலுக்குப் போறதில்ல, ஆனா கை சும்மா இருக்காது.

அண்ணன் வேலை பாக்கது 70 மீட்டருக்கு கொஞ்சம் மேல உள்ள யாட். யாரு ஓனர்னு கேட்டேன், சொல்லமாட்டாவ. வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கிருவாவளாம், ஓனர் பேரு, வந்த விருந்தாளி பேரு, உள்ள எடுத்த போட்டோ எதுவும் வெளிய போகக்கூடாது. அதனால நானும் அதுக்கு மேல கேக்கல.

பொதுவா 24 மீட்டருக்கு மேல இருந்தா அதை சூப்பர் யாட்னு சொல்லுதாவ. இன்னைக்கு உலகத்துலயே நீளமான தனியார் யாட் அசாம், 180 மீட்டர், ஜெர்மனியில லூர்சன் கம்பெனி கட்டி 2013ல குடுத்தது, அபுதாபி ஷேக் குடும்பத்துக்காகக் கட்டுனது. அப்ரமோவிச்சோட எக்லிப்ஸ் 162 மீட்டருக்கு மேல. பெசோஸோட கோரு 127 மீட்டர், மூணு பாய்மரம், நெதர்லாந்துல ஓஷன்கோ கட்டுனது. இந்த கோருக்குப் பின்னாலயே அபியோனான்னு இன்னொரு கப்பல் போகும், அது 75 மீட்டர், சாமான் சட்டு, சின்ன படகு, ஹெலிகாப்டர் எறங்குற இடம் எல்லாம் அதுல. அப்பா வலைய கீழ வச்சிட்டு கேட்டாவ, "அது என்னலே, கப்பலுக்குத் துணைக்கு ஒரு கப்பலா?" ஆமாப்பா, பாய்மரம் இருக்க டெக்குல ஹெலிகாப்டர் எறக்க முடியாதுல்லான்னு அண்ணன் சொன்னாவ.

அடுத்தது எத்தனை பேரு தங்கலாம்னு கேட்டாவ. வாடகைக்கு விடுற யாட்ல பெரும்பாலும் 12 விருந்தாளிதான், 12 பயணிக்கு மேல ஏத்துனா சட்டப்படி அது பயணிகள் கப்பல் ஆயிரும், அந்த விதிமுறை எல்லாம் ரொம்ப கடுமையானது, அதனால எவ்வளவு பெரிய யாட்டா இருந்தாலும் பல ஓனர்க 12ஓட நிப்பாட்டிக்கிடுவாவ. வேலை பாக்கது எத்தனை பேருன்னா அண்ணன் யாட்ல 20 பேருக்கு மேல. கேப்டன், ஆபீசருங்க, என்ஜின்காரங்க, டெக் ஆளுக, சமையல்காரங்க, உள்ள ரூம் வேலை பாக்க பிள்ளைய. அதுல பாதிப் பேரு ரெண்டு பேருக்கு ஒரு ரூம், அடுக்குக் கட்டில், கீழ் தளத்துல.

வேலை எப்படின்னு அண்ணன் சொல்லச் சொல்ல நான் போன்ல டைப் பண்ணிக்கிட்டே இருந்தேன். கடல்ல போயிட்டு கரைக்கு வந்த உடனே மேல இருந்து கீழ வரைக்கும் நல்ல தண்ணி விட்டு கழுவி ஷாமி துணியால ஒத்தி எடுக்கணும், உப்புக் கறை ஒரு பொட்டு நிக்கக்கூடாது, ஸ்டெயின்லெஸ் கைப்பிடியில கைரேகை தெரியக்கூடாது, உள்ள வேலை பாக்க பிள்ளைய காது குடையுற பஞ்சுக் குச்சி வச்சு மூலையில உள்ள தூசிய எடுக்கும். ஓனர் வருஷத்துல சில வாரம்தான் வருவாரு, மத்த நாளெல்லாம் அந்தக் கப்பல்ல இருக்கது இவிய மட்டும்தான், ஆனா ஓனர் நாளைக்கே வந்தாலும் வரலாம்னுதான் தெனமும் துடைக்கணும். ஒரு யாட்ட வாங்குன வெலையில பத்துல ஒரு பங்கு வருஷா வருஷம் செலவாகும்னு அந்தத் தொழில்ல ஒரு கணக்கு சொல்லுவாவ. 500 கோடி யாட்டுன்னா வருஷத்துக்கு 50 கோடி. டீசல், இன்சூரன்ஸ், பெர்த் (கப்பல் கட்டி நிப்பாட்டுற எடம்) வாடகை, பெயின்ட், சம்பளம் எல்லாம் அதுக்குள்ள.

நல்லதையும் சொல்லணும். இப்ப நான் உக்காந்திருக்க இந்த வீடு அந்தச் சம்பளத்துல கட்டுனது, தங்கச்சி கல்யாணமும் அதுலதான் நடந்துது. சார்ட்டர், அதான் வாடகைப் பயணம், முடிஞ்சு விருந்தாளி எறங்கும்போது வாடகையில 10, 15 சதவீதம் டிப்ஸ் வைக்கிற பழக்கம் உண்டு, அதை கேப்டன்ல இருந்து புதுசா சேந்த பையன் வரைக்கும் பிரிச்சுக் குடுப்பாவ. அண்ணனோட இப்பத்த கேப்டன் எல்லாருக்கும் சமமாப் பிரிக்க ஆளு, அதச் சொல்லும்போது அண்ணன் முகத்துல ஒரு மரியாதை தெரிஞ்சுது.

அப்பா அதக் கேட்டுட்டு தன்னோட கணக்க சொன்னாவ. "எங்க வள்ளத்துல மீன் வித்த காசுல டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவ கழிச்சிட்டு மிச்சத்த பங்கு வைப்போம். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு, கோயிலுக்குக் கொஞ்சம். மீன் படலன்னா முதலாளிக்கும் இல்ல எங்களுக்கும் இல்ல. அவனும் எங்க கூடத்தான் கடலுக்கு வருவான்." ஊருக்கு ஊரு இந்தக் கணக்கு மாறும், சண்டையும் வரும், ஆனா ஓனர் யாரு, அவன் கையில இன்னைக்கு என்ன இருக்குன்னு கூட இருக்க ஆளுக்குத் தெரியும். எனக்கு இந்த ஒரு விஷயம் ராத்திரி முழுக்க மனசுல ஓடிக்கிட்டே இருந்துது. கப்பல் எத்தனை மீட்டருங்கிறத விட அதுல வேலை பாக்கவனுக்கு சம்பளம் எப்படி வருது, யாருகிட்ட போய் கேக்க முடியும், இத வச்சுத்தான் ஒரு முதலாளிய எடை போடணும்னு நான் நெனைக்கேன், வர்ற நாளெல்லாம் இந்தக் கண்ணோடதான் பாக்கப் போறேன்.

சனிக்கிழமை, மணப்பாடு

பெரியதாழை வழியா வந்தோம். மணப்பாடு திருச்சிலுவைக் கோயில் மணல் மேட்டு மேல கடலுக்கு நேரா நிக்குது. அதோட கதை ஒரு கப்பல் கதைதான். 1540 வாக்குல போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒண்ணு புயல்ல மாட்டி பாய்மரம் ஒடிஞ்சு, கரை சேந்தா சிலுவை வைப்பேன்னு கேப்டன் நேந்துக்கிட்டாராம், மணப்பாட்டுல கரை சேந்ததும் ஒடிஞ்ச பாய்மரத்துலயே சிலுவை செஞ்சு இந்த மேட்டுல நட்டுட்டாருன்னு ஊர்ல சொல்லுதாவ. ரெண்டு வருஷத்துல சவேரியாரும் இந்தக் கரைக்கு வந்துட்டாரு, கோயிலு 1580கள்ல எழும்புனது.

ஒடிஞ்ச பாய்மரத்தப் பத்திப் பேசுன உடனே அண்ணன் முழுகிப் போன பேசியன்ங்கிற யாட்டப் பத்தி ஆரம்பிச்சாவ. படியில உக்காந்து ஒரு மணி நேரம் அதுதான் பேச்சு. பேசியன் 56 மீட்டர் பாய்மர யாட், 2008ல இத்தாலியில பெரினி நவி கட்டுனது, ஒரே பாய்மரம், அதோட உயரம் மட்டும் 72 மீட்டர். பிரிட்டன் சாப்ட்வேர் பணக்காரர் மைக் லிஞ்ச் குடும்பத்தோட கப்பல். அமெரிக்காவுல அவரு மேல போட்டிருந்த மோசடி வழக்குல 2024 ஜூன்ல விடுதலை ஆனாரு, அதக் கொண்டாட வக்கீலு, நண்பருன்னு கூட்டிக்கிட்டு போன பயணம். ஆகஸ்ட் 19 விடியக்காலம் சிசிலியில போர்ட்டிச்செல்லோ ஊருக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்கும்போது சுழல் காத்து அடிச்சு சில நிமிஷத்துல முழுகிட்டு. மொத்தம் 22 பேரு, 7 பேரு போயிட்டாவ. லிஞ்ச், அவரோட 18 வயசு மக, விருந்தாளிங்க நாலு பேரு, கப்பல் சமையல்காரர் ஒருத்தர். கைக்குழந்தையோட ஒரு தாய் தப்பிச்சா.

பிரிட்டன் விபத்து விசாரணைக்காரங்க 2025 மே மாசம் ஒரு இடைக்கால அறிக்கை விட்டாவ. பாயெல்லாம் எறக்கி, அடியில தண்ணிக்குள்ள எறங்கி நிக்கிற கீல்ங்கிற பலகையையும் மேல தூக்கி வச்சிருக்க நெலமையில, பக்கவாட்டுல சுமார் 63 நாட், அதாவது மணிக்கு 117 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல காத்து அடிச்சா அந்தக் கப்பல் கவிழ வாய்ப்பு உண்டு, ஆனா இந்த விவரம் கப்பல்ல வச்சிருந்த புத்தகத்துல இல்ல, ஓனருக்கும் தெரியாது வேலை பாத்தவங்களுக்கும் தெரியாதுன்னு அதுல எழுதியிருக்கு. அண்ணன் இதச் சொல்லும்போது கொரல் மாறிட்டு. "தம்பி, ராத்திரி நங்கூரக் காவலுக்கு நிக்கவன் நான். காத்து ஏறுனா கேப்டன எழுப்பணும், அது என் கையில இருக்கு. எந்தக் காத்துக்கு என் கப்பல் தாங்காதுன்னு எனக்கே சொல்லலன்னா நான் எப்ப எழுப்புவேன்?" விபத்து நடந்த சில நாள்லயே கேப்டன் மேலயும் அன்னைக்கு ராத்திரி காவல்ல நின்ன டெக் பையன் மேலயும் விரல நீட்டுனாவ. விசாரணை முடியிறதுக்கு முன்னால அப்படிப் பேசுனது அநியாயம்னு எனக்குத் தோணுது.

சாயங்காலம் கடலோரமா நடக்கும்போது கோரு பத்தித் திரும்பப் பேசுனோம். அண்ணனுக்குப் பாய்மர யாட்னா உயிரு. அதுல எனக்குத் தெரிஞ்ச கதை ஒண்ணு இருக்கு: ரோட்டர்டாம்ல டி ஹெஃப்னு 1927ல கட்டுன தூக்குப் பாலம், அதுக்கு அடியில கோருவோட பாய்மரம் போகாது, பாலத்தோட நடுப்பகுதிய கழட்டி வழி விடணும்னு கப்பல் கம்பெனி 2022ல கேட்டுது. ஊர் ஜனங்க கொதிச்சிட்டாவ, கப்பல் வரும்போது அழுகுன முட்டைய எறிவோம்னு ஆயிரக்கணக்குல கெளம்பிட்டாவ. கடைசியில கம்பெனி அந்த மனுவ வாபஸ் வாங்கி, பாய்மரம் இல்லாமலே கப்பல வேற வழியா இழுத்துட்டுப் போயி அப்புறமா நட்டாவ. நம்ம புதுப் பாம்பன் பாலமும் அதே மாதிரி மேல தூக்குற பாலம்தான், யாரோ ஒரு பணக்காரனுக்காக அதைக் கழட்டணும்னு கேட்டா ராமேஸ்வரத்துல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாத்தேன். அந்த ஊர்க்காரங்க செஞ்சது சரி.

மணப்பாட்டுல பெரிய பெரிய வீடுங்க இருக்கு, உசரமான தூணு, வேலைப்பாடு செஞ்ச கதவு. கொழும்பு யாவாரத்துல சம்பாதிச்ச காசுல அந்தக் காலத்துல கட்டுனது. இப்ப பாதி வீடு பூட்டிக் கெடக்கு, திருவிழாவுக்குத்தான் ஆளு வரும்.

ஞாயிறு, காயல்பட்டினம்

குலசேகரப்பட்டினத்துல டீ மட்டும். ராக்கெட் ஏவுதளம் வரப் போற ஊரு, 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டுனாவ. திருச்செந்தூர்ல கூட்டம் நெறைய, கடல்ல முங்கிட்டு முருகனக் கும்பிட்டுட்டு சீக்கிரமே கெளம்பிட்டோம்.

காயல்பட்டினத்துல அண்ணனுக்குத் தெரிஞ்ச காக்கா (அங்க அண்ணன்மார அப்படித்தான் கூப்பிடுவாவ) ஒருத்தர், ரத்தினக் கல்லு யாவாரம், கொழும்பு, ஹாங்காங்னு போயி வந்தவரு. மத்தியானம் அவரு வீட்டுலதான் சாப்பாடு, நெய்ச்சோறும் களறிக் கறியும். இந்தக் காயல் பக்கத்துக்குத்தான் 13ம் நூற்றாண்டு கடைசியில மார்க்கோ போலோ வந்து பாத்து எழுதிட்டுப் போனாரு, அரபு நாட்டுல இருந்து கப்பல் கப்பலா குதிரை வந்து எறங்குதுன்னும் பாண்டிய ராசா கழுத்துல முத்தும் மாணிக்கமுமா கெடக்குன்னும். அந்த முத்து எல்லாம் மூச்சப் பிடிச்சு முங்குனவன் எடுத்துக் குடுத்தது. இடுப்புல கயித்தக் கட்டி கல்லோட எறங்கி, மூச்சு முட்டுறதுக்குள்ள கயித்த அசைப்பான், மேல நிக்கிறவன் இழுப்பான். மேல நிக்கிறவன் பெரும்பாலும் மச்சினனா இருப்பான், ஏன்னா தங்கச்சி தாலிக்கு அவன்தான் பொறுப்புன்னு இந்தக் கரையில சொல்லுவாவ.

காக்கா ஒரு நல்ல கேள்வி கேட்டாரு. "ஏன் தம்பி, எங்க காலத்துல துறையில நிக்கிற மரக்கலத்தப் பாத்தா இது இன்ன மரைக்காயரு கப்பல்னு சின்னப் புள்ளை சொல்லும். உங்க கப்பல மட்டும் ஏன் யாருதுன்னு சொல்லமாட்டேங்கிறீங்க?" அண்ணன் வெளக்கமாச் சொன்னாவ. ஓனர் பேருல யாட் இருக்கது ரொம்பக் கம்மி. கேமன் தீவு, மார்ஷல் தீவு, மால்டான்னு எங்கயாவது ஒரு கம்பெனி ஆரம்பிச்சு அதோட பேருல பதிவு பண்ணுவாவ, அந்தக் கம்பெனிக்கு மேல இன்னொரு கம்பெனி, அதுக்கு மேல ஒரு டிரஸ்ட். வரி ஒரு காரணம், கேஸு வந்தா சொத்து மாட்டக்கூடாதுங்கிறது இன்னொரு காரணம். 2022ல உக்ரைன் போர் வந்ததும் ரஷ்யப் பணக்காரங்க யாட்ட எல்லாம் பிடிச்சாவல்லா, அப்பதான் இது வெட்ட வெளிச்சமாச்சு. இத்தாலியில மெல்னிசென்கோவோட 143 மீட்டர் செயிலிங் யாட் ஏ மாட்டுச்சு. அமேடியான்னு 106 மீட்டர் யாட்ட அந்த வருஷம் மே மாசம் பிஜியில பிடிச்சு அமெரிக்கா கொண்டு போனாவ, இது சுலைமான் கெரிமோவ்ங்கிற ரஷ்யப் பணக்காரரோடதுன்னு அமெரிக்க அரசு சொல்லுச்சு, இல்ல என்னோடதுன்னு வேற ஒரு ரஷ்யர் வந்து நின்னாரு, கேஸு வருஷக்கணக்குல ஓடுச்சு. ஓடுன காலம் முழுக்க அதைப் பராமரிக்க மாசா மாசம் லட்சக்கணக்கான டாலர் அரசாங்கக் காசு.

அதுக்கு காக்கா சொன்ன பதில் என் மனசுல நல்லா நின்னுட்டு: "கப்பல் வச்சிருந்தவருதான் சீதக்காதியும். கீழக்கரையில எத்தனை கப்பல் ஓடுச்சு, எவ்வளவு மிளகு போச்சுன்னு இன்னைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கு? செத்தும் கொடுத்தான் சீதக்காதிங்கிறதுதான நிக்கிது." யாட்காரங்கள்ல அப்படி ஆளே இல்லையான்னும் கேட்டாரு. உண்டுன்னு அண்ணன் பால் ஆலனச் சொன்னாவ. மைக்ரோசாப்ட்ட ஆரம்பிச்ச ரெண்டு பேருல ஒருத்தர், அவரு வச்சிருந்த ஆக்டோபஸ் யாட் 126 மீட்டர். ரெண்டாம் உலகப் போர்ல ஆயிரம் பேருக்கு மேல உள்ள வச்சு முழுகுன முசாஷிங்கிற ஜப்பான் போர்க்கப்பல பிலிப்பைன்ஸ் கடலடியில 2015ல கண்டுபிடிச்சது அவரு குழுதான். அதே வருஷம் பிரிட்டனோட ஹூட் கப்பல் மணியையும் கடல்ல இருந்து எடுத்துக் குடுத்தாவ. இருக்க வசதிய இப்படியும் செலவழிக்கலாம்லா.

திங்கள், தூத்துக்குடி

காலையிலயே பழைய துறைமுகம் போயாச்சு. தோணி ரெண்டு மூணு நின்னுச்சு, மாலத்தீவுக்கு சரக்கு ஏத்துறாவ, வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான். மரத்துல செஞ்ச ஒடம்பு, முன்னெல்லாம் பாய் மட்டும்தான், இப்ப என்ஜினும் உண்டு. ஒரு தோணியோட தண்டல் (கேப்டன்) அண்ணாச்சி எங்கள மேல ஏத்தி சுத்திக் காட்டுனாவ. அண்ணன் செருப்ப கழட்டிட்டுத்தான் ஏறுனாவ, யாட்ல பழகுன பழக்கம், அங்க தேக்குத் தரையில செருப்போட யாரும் நடக்கக்கூடாது. பர்மா தேக்குன்னா யாட்காரங்களுக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசையில தப்பும் நடக்குது, 2024ல இங்கிலாந்துல சன்சீக்கர்ங்கிற பெரிய யாட் கம்பெனி பர்மா தேக்க முறையா விசாரிக்காம வாங்குனதுக்கு கோர்ட்டு அபராதம் போட்டுது. தண்டல் அண்ணாச்சி தோணியோட வளைகட்டைய தட்டிக் காட்டி, வளைஞ்ச மரமா காட்டுல தேடி எடுத்துட்டு வந்து அப்படியே வைப்போம், நிமுந்த மரத்த வளைச்சா பலம் நிக்காதுன்னு சொன்னாவ. உங்க முதலாளி எங்கன்னு கேட்டேன். "அந்தா, அங்கன குடையப் பிடிச்சிக்கிட்டு மூட்டைய எண்ணிட்டு நிக்காவல்லா, அவியதான்." அண்ணன் அவியள ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாவ.

துறைமுகத்துக்கு வ.உ.சி. பேரு வச்சிருக்கு, பேரச் சொல்லிட்டு நாம கடந்து போயிருதோம், அந்த மனுசன் என்ன செஞ்சாருன்னு இங்க நின்னு நெனச்சுப் பாக்கணும். 1906ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்ச ரூவா, 25 ரூவா வீதம் 40,000 பங்கு. யாரோ ஒரு மகாராசா குடுத்த காசு இல்ல, வக்கீலு, யாவாரி, பொதுசனம்னு ஊர் ஊரா போயி பங்கு வித்து சேத்த காசு. காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் 1907ல வந்து சேந்துது. கொழும்புக்கு ஓடுச்சு. வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்ட கொறைச்சு கொறைச்சு கடைசியில ஓசியில ஏத்தி குடையும் குடுத்துச்சு. 1908 மார்ச்ல அவர அரெஸ்ட் பண்ணுனாவ, திருநெல்வேலியே பத்தி எரிஞ்சுது, ஜூலையில தண்டனை, கோயம்புத்தூர் ஜெயில்ல செக்கிழுக்க விட்டாவ. வெளிய வரும்போது கம்பெனியும் இல்ல கப்பலும் இல்ல. கப்பல் வச்சிருந்த பணக்காரங்களப் பத்தி எழுதுற இந்தப் பதிவுல, கப்பலுக்காக இருந்ததெல்லாம் எழந்த எங்க ஊர்க்காரர விட்டுட்டு எழுத எனக்கு மனசு வரல.

இதே இந்தியாவுல இன்னொரு கப்பல் ஓனர் கதையும் இருக்கு. விஜய் மல்லையா. அவரு வச்சிருந்த இந்தியன் எம்ப்ரஸ் 95 மீட்டர், அதுவும் ஓஷன்கோ கட்டுனதுதான். கிங்பிஷர் ஏர்லைன்ஸ் ஆளுங்க சம்பளம் வராம தவிச்சது எல்லாருக்கும் தெரியும், 2016 மார்ச்ல அவரு நாட்ட விட்டே போயிட்டாரு. யாட்ல வேலை பாத்தவங்களுக்கும் அதே கதிதான் வந்துச்சு. 40 பேருக்கு மேல, அதுல இந்தியர்களும் உண்டு, மாசக்கணக்குல சம்பளம் இல்ல, மொத்த பாக்கி 10 லட்சம் டாலருக்கு மேல. 2018 மார்ச்ல மால்டாவுல கப்பலையே பிடிச்சு வச்சாவ. அந்த வருஷமே கோர்ட்டு ஏலத்துல 350 லட்சம் யூரோவுக்கு வித்துட்டு.

இங்கதான் எல்லாரும் தெரிஞ்சு வச்சிக்கிட வேண்டிய விஷயம் இருக்கு, அண்ணன் சொன்னத அப்படியே எழுதுதேன். கப்பல் தொழிலாளியோட சம்பள பாக்கி ஓனர் மேல உள்ள கடன் மட்டும் இல்ல, அந்தக் கப்பல் மேலயே விழுற கடன். ஓனரு எந்த நாட்டுல ஒளிஞ்சாலும், எத்தனை கம்பெனிக்குப் பின்னால நின்னாலும் கப்பல் நிக்கிற துறைமுகத்துல கோர்ட்டுக்குப் போயி அதை நிப்பாட்டலாம், வித்த காசுல பேங்க்கு கடனுக்கு முன்னாலயே சம்பளத்துக்கு எடம் உண்டு. 2006ல வந்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்துல 2017ல இருந்து இன்னொரு பாதுகாப்பும் சேந்துது, ஓனரு கைவிட்டா நாலு மாசம் வரைக்கும் சம்பளமும் ஊருக்குத் திரும்புற செலவும் குடுக்க இன்சூரன்ஸ் கட்டாயம். இந்தியாவும் 2015ல அந்த ஒப்பந்தத்துல சேந்தாச்சு. ஆனா ஒண்ணு, வாடகைக்கு விடாம ஓனர் மட்டும் பயன்படுத்துற யாட்டுக்கு இது பொருந்தாது. அதனால வேலைக்குச் சேருமுன்னால இது வாடகை யாட்டா, தனி யாட்டா, எந்த நாட்டுக் கொடியில பதிவாகியிருக்கு, சம்பளம் குடுக்கிற கம்பெனி எதுன்னு எழுத்துல வாங்கிரணும்.

இதெல்லாம் எங்கயோ நடக்குதுன்னு நெனைக்காதீங்க. 2024ல மட்டும் உலகம் முழுக்க 3,000க்கும் மேல கப்பல் தொழிலாளிய ஓனருங்க அப்படியே கைவிட்டிருக்காவ, சரக்குக் கப்பலு, டேங்கரு எல்லாம் சேத்து, அதுல எந்த நாட்டை விடவும் நம்ம இந்தியப் பிள்ளைகதான் அதிகம். அந்த எண்ணிக்கையக் கேட்டப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது. உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி, பெரியதாழைன்னு இந்தக் கரையில கப்பலுக்குப் போன ஆளு இல்லாத தெரு கெடையாது.

சாயங்காலம் பீச்ல நிக்கும்போது தூரத்துல கடல்ல உள்ள தீவுகளப் பத்திப் பேச்சு வந்துது. மன்னார் வளைகுடாவுல 21 தீவு, ஒண்ணு ரெண்டு ஏற்கனவே முழுகிப் போச்சு, வான் தீவு தேஞ்சுக்கிட்டே வருது. கடல்புல் இருந்தாத்தான் ஆவுளியா (கடல்பசு) வரும், மீனும் நிக்கும். மெடிட்டரேனியன்லயும் பொசிடோனியான்னு ஒரு கடல்புல் இருக்கு, பெரிய யாட்டுங்க நங்கூரத்த எறக்கி இழுக்கும்போது அது வேரோட வந்துருதுன்னு பிரான்ஸ் 2020ல இருந்து 24 மீட்டருக்கு மேல உள்ளதுக்கு பல இடத்துல தடை போட்டிருக்கு. இந்தத் தடை வந்த புதுசுல ஓனருங்க சலிச்சுக்கிட்டாவ, டெக் ஆளுகளுக்கு சந்தோஷம்தான்னு அண்ணன் சொன்னாவ. கடல்ல பொறந்தவனுக்கு அந்தப் புல்லு மேல வந்து தொங்குறதப் பாக்க சகிக்காதாம்.

செவ்வாய், தூத்துக்குடியில இருந்து நெல்லைக்கு

அண்ணனோட வேலை முடிஞ்சு மக்ரூன் பாக்கெட் வாங்கிட்டு கெளம்பும்போது ஊர்ல இருந்து போன். எங்க பக்கத்து வீட்டு மாமா, அவிய மகன் டிப்ளமோ முடிச்சிட்டு சும்மா இருக்கான், யாட்ல வேலை வாங்கித் தாரேன்னு ஒரு ஏஜென்ட் 3 லட்சம் கேக்கானாம், நாளைக்குக் கட்டணுமாம், நகைய அடகு வைக்கக் கெளம்பிட்டாவ. நாங்க நேரா வீட்டுக்கே போயிட்டோம்.

அண்ணன் ரொம்பப் பொறுமையாப் பேசுனாவ, மாமாவ பயமுறுத்தல, பையனையும் வேண்டாம்னு தடுக்கல. நல்ல வேலைதான், போகட்டும், ஆனா வழி இதுன்னு சொன்னாவ. கப்பல் வேலைக்கு ஆள் எடுக்க கம்பெனிக்கு ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் வேணும், அதைக் குடுக்கது டிஜி ஷிப்பிங்ங்கிற மத்திய அரசு கப்பல் துறை அலுவலகம், யாருக்கெல்லாம் குடுத்திருக்குங்கிற லிஸ்ட் அவங்க வெப்சைட்லயே இருக்கு. வேலை வாங்கித் தரதுக்குன்னு தொழிலாளிகிட்ட காசு வாங்கவே கூடாது, அது சட்டம். முதல்ல பையன் அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல எஸ்டிசிடபிள்யூங்கிற கப்பல்காரங்க அடிப்படைப் பயிற்சிய முடிக்கணும், தீ அணைக்கது, உயிர் காக்கது, முதலுதவி எல்லாம் அதுல வரும். அப்புறம் மெடிக்கல், இண்டோஸ் நம்பர் (கப்பல் தொழிலாளியோட அடையாள நம்பர்), சிடிசி (கப்பல் வேலைப் பதிவுப் புத்தகம்). இதுக்கெல்லாம் ஆகுற செலவு அந்த 3 லட்சத்துல ஒரு பகுதிதான். பையன் எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டான், நீச்சல் தெரியுமாடேன்னு அண்ணன் கேட்டதுக்கு தாமிரபரணியில குறுக்க நீந்துவேன்னான்.

மாமா அங்க வச்சே ஏஜென்ட்டுக்கு போன் போட்டு லைசென்ஸ் நம்பர் என்னன்னு கேட்டாவ. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுதேன்னு வச்சிட்டான். நகைய அத்தை திரும்ப பீரோவுல வச்சுப் பூட்டிட்டாவ. அவன் கூப்பிட்டு நம்பர் சொன்னா உடனே எனக்கு அனுப்புங்க, லிஸ்ட்ல பாத்துச் சொல்லுதேன்னு அண்ணன் தன்னோட நம்பர மாமா போன்ல சேவ் பண்ணிக் குடுத்துட்டு உவரி பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாவ.